கந்தகக் கவசம்

நறுக்கிய வாழைக்காயைத் தண்ணீரில் போடாமல் விட்டால் சிறிது நேரத்தில் கறுத்துவிடும். மழையில் கிடந்த ஆணி துருப்பிடிக்கும். பொரித்த பலகாரம் நாள்பட்டால் சிக்கு வாடை வீசும். இம்மூன்று மாற்றங்களுக்கும் காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜனே. உயிர்வாழ இன்றியமையாத அதே வளி, உயிர்ப்பொருள்களைச் சிதைக்கவும் வல்லது. மூச்சுவிடும் ஒவ்வொரு செல்லிலும், உணவிலிருந்து ஆற்றலைப் பெறும் பணியின் ஊடே, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற தீங்கான பொருள்கள் சிறிதளவு உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. அவை புரதங்களையும் மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வையும் தாக்குகின்றன. ஆயினும் செல்கள் துருப்பிடித்து அழிந்துபோவதில்லை. அவற்றைக் காக்கும் பொருள்களுள் முதன்மையானவை கந்தகத்தைத் தாங்கிய சிறு மூலக்கூறுகளாகும்.

கந்தகம் என்றதும் தீக்குச்சியும் பட்டாசும் நினைவுக்கு வரலாம். பூண்டின் நெடி, அழுகிய முட்டையின் நாற்றம், முடி கருகும்போது எழும் வாடை ஆகிய அனைத்தும் கந்தகச் சேர்மங்களால் விளைபவையே. ஒரு கந்தக அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் இணைந்த தொகுதியைக் கொண்ட கரிமச் சேர்மங்களுக்குத் தயோல் என்று பெயர். இந்த ஹைட்ரஜனைத் தயோல் எளிதில் விட்டுக்கொடுக்கும். தீங்கு செய்யும் ஆக்சிஜன் சேர்மம் புரதத்தைத் தாக்கும் முன்பே தயோல் முன்வந்து தன் ஹைட்ரஜனை அளித்து அதன் வேகத்தைத் தணிக்கிறது. ஹைட்ரஜனை இழந்த இரு தயோல்கள் கந்தகத்தோடு கந்தகமாகக் கைகோத்துக்கொள்கின்றன. இவ்விணைப்பு டைசல்ஃபைடு எனப்படும். பின்னர் ஒரு நொதி அவ்விணைப்பைப் பிரித்து இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. எனவே ஒரே மூலக்கூறு மீண்டும் மீண்டும் காவல் பணியில் ஈடுபட முடிகிறது.

மனித உடலில் இப்பணியைச் செய்வது குளூட்டாதயோன். 1888ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் தெ ரே-பேயாத் என்பவர் ஈஸ்ட்டிலிருந்து கிடைத்த சாற்றில் கந்தகத்தோடு வினைபுரியும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டு, 'கந்தகத்தை விரும்புவது' என்னும் பொருள்படப் பிலோதயான் என அதற்குப் பெயரிட்டார். 1921இல் இங்கிலாந்தின் கௌலண்ட் ஹாப்கின்ஸ் அதைப் பிரித்தெடுத்துக் குளூட்டாதயோன் என்றழைத்தார். குளூட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசீன் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது என்பது 1929அளவில் தெளிவாயிற்று. ஈஸ்ட்டிலும் விலங்குகளின் உடலிலும் தாவரங்களிலும் அது மிகுதியாகக் காணப்பட்டதால், உயிருள்ள செல் ஒவ்வொன்றிலும் குளூட்டாதயோன் இருந்தே தீரும் என்னும் எண்ணம் வேரூன்றியது.

அந்த எண்ணத்தை ஆய்வுக்கு உட்படுத்தியவர்களுள் முதன்மையானவர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பணியாற்றிய ராபர்ட் ஃபேஹி. அவர் தொடக்கத்தில் உயிரியலோடு தொடர்பில்லாத கரிம வேதியியல் அறிஞராகவே விளங்கினார். இரட்டைப் பிணைப்புடைய கரிமச் சேர்மங்களோடு ஹைட்ரஜன் குளோரைடு எவ்வழியில் இணைகிறது என்பது 1960களில் அவர் ஆராய்ந்த பொருள்களுள் ஒன்று. வினைகளின் வேகத்தை அளப்பதும், விளைபொருள்களைத் துல்லியமாகப் பிரித்தறிவதும் அத்துறையின் அன்றாடப் பயிற்சி. அப்பயிற்சியே பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1970களில் அவர் உயிர்வேதியியல் பக்கம் திரும்பினார். ரொட்டியில் வளரும் நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையின் வித்துகளை அவரும் உடன் பணியாற்றியோரும் ஆராய்ந்தனர். உறங்கும் வித்து முளைக்கத் தொடங்கும்போது, அதனுள் டைசல்ஃபைடாக இருந்த குளூட்டாதயோன் பழைய தயோல் நிலைக்குத் திரும்புவதை 1975இல் வெளியிட்டனர். வித்து விழிப்பதற்கும் கந்தகத்தின் நிலைக்கும் தொடர்பு இருப்பது புலப்பட்டது. அடுத்து எழுந்த வினா எளியது: பாக்டீரியாக்களில் நிலைமை என்ன?

1978இல் வெளிவந்த விடை பலருக்கும் வியப்பளித்தது. ஈ. கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்கள் பலவற்றிலும், ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பசும் பாக்டீரியாக்களிலும் குளூட்டாதயோன் இருந்தது. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. (டென்மார்க் நாட்டின் கிராம் என்பவர் வகுத்த சாயமேற்றும் முறையில் ஊதா நிறத்தைத் தக்கவைத்துக்கொள்பவை கிராம் பாசிட்டிவ், இழந்துவிடுபவை கிராம் நெகட்டிவ்.) ஆக்சிஜன் சூழ்ந்த காற்றில் நன்றாக வளரும் பாக்டீரியாக்களிலும் அது காணப்படவில்லை என்பதே சிந்திக்கத்தக்கது. கவசமில்லாமல் ஒரு வீரன் போர்க்களத்தில் நாள் முழுதும் நின்று திரும்புகிறான் என்றால், அவன் வேறொரு கவசத்தை அணிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒரு பொருள் உண்டு என்று நிறுவுவதைவிட இல்லை என்று நிறுவுவது கடினம். கருவி போதிய நுட்பம் உடையதாக இல்லாவிட்டால், இருப்பதும் இல்லாததுபோல் தோன்றும். மறுபுறம், பாக்டீரியாக்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் ஈஸ்ட் சாறு கலந்திருக்குமானால், அதிலுள்ள குளூட்டாதயோனை அவை உறிஞ்சிக்கொண்டு தம்முடையதுபோல் காட்டக்கூடும். மேலும், தயோல்கள் காற்றுப்பட்டதும் மாறிவிடும் இயல்புடையவை. செல்லை உடைத்து அளவெடுப்பதற்குள் அவை வேறாகிவிடும். ஆகவே, கண்டதை நம்புமளவுக்கு வலுவான அளவீட்டு முறை தேவைப்பட்டது.

அத்தகைய முறையை ஃபேஹியும் அவருடைய நெடுநாள் துணையாய்வாளர் ஜெரால்ட் நியூட்டனும் 1981இல் வகுத்தனர். டெல் அவீவ் நகரின் கொசோவர் இணையர் உருவாக்கிய பைமேன் என்னும் வகைச் சேர்மங்களுள் ஒன்றாகிய மோனோபுரோமோபைமேனை அவர்கள் பயன்படுத்தினர். இச்சேர்மம் தனித்திருக்கும்போது ஒளிர்வதில்லை. தயோலின் கந்தகத்தைப் பற்றிக்கொண்டதும் புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிரும். இருட்டில் நடமாடுவோர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு விளக்கைக் கொடுத்துவிட்டதற்கு இது ஒப்பாகும். இவ்வாறு விளக்கேந்திய தயோல்களை உயர்திறன் நீர்ம நிறப்பிரிகைக் கருவியின் குழாய் வழியே செலுத்தினால், ஒவ்வொன்றும் தனக்குரிய நேரத்தில் வெளிவரும். வெளிவரும் நேரத்தைக் கொண்டு பெயரையும், ஒளியின் அளவைக் கொண்டு செறிவையும் அறியலாம். ஒளிர்வது தயோல்தானா என்னும் ஐயத்தைப் போக்க, மாதிரியின் ஒரு பகுதியில் கந்தகத்தை வேறொரு வேதிப்பொருளால் முன்னரே அடைத்துவிட்டுச் சோதிப்பர். அப்போதும் ஒளிர்வது தயோல் அன்று. வியப்பூட்டும் முடிவுகளைவிட இத்தகைய எச்சரிக்கையே ஓர் ஆய்வாளரின் தரத்தைக் காட்டும்.

இம்முறை கைவந்த பிறகு தேடல் விரிந்தது. சீதபேதியை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிடிகா என்னும் ஒற்றைச் செல் உயிரி குளூட்டாதயோனை ஆக்குவதில்லை என்பதை 1984இல் ஃபேஹி குழுவினர் கண்டனர். எண்டமீபா உட்கருவுடைய உயிரினம். ஆனால் செல்லின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்டிரியா அதற்கு இல்லை. உட்கருவுடைய உயிர்கள் குளூட்டாதயோனைத் தாமே கண்டடையவில்லை, மைட்டோகாண்டிரியாவாக மாறிய பழம்பெரும் பாக்டீரியாவிடமிருந்து பெற்றிருக்கலாம் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. பூமியின் தொடக்கக் காலக் காற்றில் ஆக்சிஜன் இல்லை. நீலப்பசும் பாக்டீரியாக்கள் ஒளிச்சேர்க்கையால் அதை வெளியிடத் தொடங்கியபின், ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, காற்றில் ஆக்சிஜன் சேரலாயிற்று. பல உயிர்களுக்கு அது நஞ்சாக இருந்திருக்கும். அந்நெருக்கடியில் வெவ்வேறு குலங்கள் வெவ்வேறு காவற்பொருள்களை உருவாக்கிக்கொண்டன எனில், குளூட்டாதயோன் இல்லாத பாக்டீரியாக்களின் புதிர் அவிழத் தொடங்குகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்திலேயே கந்தகமும் ஹைட்ரஜனும் இருக்கின்றன; அதையே செல் காவலுக்கு வைத்துக்கொள்ளலாகாதா? ஆகாது. செம்பு, இரும்பு ஆகியவற்றின் அயனிகள் சிறிதளவு இருந்தாலும் சிஸ்டீன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு விரைந்து வினைபுரிந்து, ஹைட்ரஜன் பெராக்சைடையே உண்டாக்கிவிடும். காவலனே கள்வனுக்குக் கதவைத் திறந்துவிடும் கதை இது. எனவே செல், சிஸ்டீனின் இரு முனைகளையும் வேறு மூலக்கூறுகளால் மூடிவைக்கிறது. குளூட்டாதயோனில் ஒருபுறம் குளூட்டாமிக் அமிலமும் மறுபுறம் கிளைசீனும் மூடிகளாக அமைகின்றன. மூடி வேறாக இருக்கலாம். மூட வேண்டிய தேவை மாறாது.

வேறு மூடியோடு கூடிய காவலன் மண்ணில் வாழும் பாக்டீரியாவில் அகப்பட்டான். ஸ்ட்ரெப்டோமைசஸ் என்னும் இனத்திலிருந்தே காசநோய்க்கு முதன்முதலில் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் கிடைத்தது. அவ்வினப் பாக்டீரியாக்களை இஸ்ரேலிய அறிஞர்களோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, இதுவரை அறியப்படாத ஒரு தயோல் மிகுதியாக ஒளிர்வதை ஃபேஹியும் நியூட்டனும் 1993இல் அறிவித்தனர். யு17 என்பது அதற்கு இடப்பட்ட தற்காலிகப் பெயர். அதே காலத்தில் ஜப்பானில் ஒரு குழுவும் தென்னாப்பிரிக்காவில் ஒரு குழுவும் தத்தம் வழியில் அதே மூலக்கூறை வந்தடைந்தன. ஒருவரை ஒருவர் அறியாமல் மூவர் ஒரே ஊரை அடைந்தால், அவ்வூர் உண்மையிலேயே இருக்கிறது என்று கொள்ளலாம். 1994, 1995 ஆண்டுகளில் அதன் அமைப்பு வெளியாயிற்று. மைக்கோதயோல் என்னும் பெயரும் நிலைபெற்றது.

மைக்கோதயோலில் சிஸ்டீனின் ஒரு முனையை அசெட்டைல் தொகுதி மூடியுள்ளது. மறுமுனையில் குளூக்கோசமைன் என்னும் சர்க்கரை வழிப்பொருளும் அதனோடு இனோசிட்டாலும் இணைந்துள்ளன. குளூட்டாதயோனோடு ஒப்பிட்டாலும் இது காற்றில் மெல்லவே மாறுகிறது. 1996இல் நடந்த விரிவான கணக்கெடுப்பில், ஆக்டினோமைசீட்டுகள் என்னும் பெருங்குலத்தில் பெரும்பாலானவற்றின் முதன்மைத் தயோல் இதுவே என்று தெரியவந்தது. காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியமும் அக்குலத்தைச் சேர்ந்தது.

மண்ணியல் ஆர்வமாகத் தோன்றிய ஆய்வு இவ்விடத்தில் மருத்துவத்தின் வாயிலுக்கு வந்து சேர்ந்தது. காசநோய்க் கிருமியை உடலின் பெருவிழுங்கு செல்கள் விழுங்கி, ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகியவற்றின் வினைமிகு சேர்மங்களைப் பொழிந்து கொல்ல முயல்கின்றன. கிருமியோ அதே செல்லுக்குள் குடியிருந்து பெருகுகிறது. மனித உடலில் மைக்கோதயோல் இல்லை. ஆகவே, அதை ஆக்கும் நொதிகளைத் தடுக்கும் மருந்து கிடைத்தால், நோயாளியின் உடலைத் தொடாமல் கிருமியின் கவசத்தை மட்டும் கழற்றிவிடலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது.

அக்கவசம் நஞ்சை எவ்வாறு அகற்றுகிறது என்பதையும் ஃபேஹி, நியூட்டன், கனடாவின் யோசி அவ்-கே ஆகியோர் 2000இல் விளக்கினர். நச்சுப்பொருள் செல்லுக்குள் நுழைந்ததும் மைக்கோதயோலின் கந்தகம் அதைப் பற்றிக்கொள்ளும். பின்னர் ஒரு நொதி மைக்கோதயோலை நடுவில் வெட்டும். நஞ்சைப் பற்றிய பாதி செல்லுக்கு வெளியே எறியப்படும். சர்க்கரைப் பகுதியாகிய மறுபாதி புதிய மைக்கோதயோலை ஆக்கப் பயன்படும். மனிதரின் கல்லீரலும் சிறுநீரகமும் குளூட்டாதயோனைக் கொண்டு ஏறத்தாழ இதே வேலையைச் செய்கின்றன. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டால் கல்லீரலின் குளூட்டாதயோன் தீர்ந்துபோய் உயிருக்கே தீங்கு நேர்வதும், அதற்கு மாற்றாக மருத்துவர்கள் அசெட்டைல்சிஸ்டீன் கொடுப்பதும் இக்காரணத்தாலேயே.

2000க்கும் 2006க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் மைக்கோதயோலை ஆக்கும் நொதிகளும் மரபணுக்களும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஆனால் கதை எதிர்பார்த்தபடி நேராகச் செல்லவில்லை. காசநோய்க் கிருமிக்கு உறவான, தீங்கற்ற மைக்கோபாக்டீரியத்தில் மைக்கோதயோல் குறைந்தபோது, ஹைட்ரஜன் பெராக்சைடும் ரிஃபாம்பிசினும் அதை எளிதில் வீழ்த்தின. ஐசோனியசிட் மருந்தையோ அது முன்னைவிட நன்றாகத் தாங்கியது! காசநோய்க் கிருமியிலேயே முதல் நொதிக்குரிய மரபணுவை நீக்கியபோது, அது எத்தியோனமைடு என்னும் மருந்துக்கு அடங்காததாக மாறியது என்று 2008இல் வேறொரு குழு காட்டியது. எத்தியோனமைடு உண்ணும் நிலையில் மருந்தாக இருப்பதில்லை. கிருமிக்குள் சென்று மாற்றம் பெற்ற பின்பே கொல்லும் ஆற்றலைப் பெறுகிறது. அம்மாற்றத்துக்கு மைக்கோதயோல் துணை செய்வதாகத் தெரிகிறது. கவசத்தைக் கழற்றியதால் வாளும் மழுங்கிற்று. அவ்வாறு மாற்றப்பட்ட கிருமி சுண்டெலிகளின் உடலில் வளரவும் செய்தது. காளான்களில் மிகுந்துள்ள எர்கோதயோனைன் என்னும் மற்றொரு கந்தகச் சேர்மத்தையும் மைக்கோபாக்டீரியங்கள் ஆக்குகின்றன என்பதை இங்கு நினைவில் கொள்ளல் வேண்டும்; ஒரு காவலன் வீழ்ந்தால் மற்றொருவன் நிற்கிறான். மைக்கோதயோலைத் தடுத்துக் காசநோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் மருத்துவமனைகளை எட்டவில்லை.

ஃபேஹியின் ஆய்வு வாழ்வில் இன்னொரு கிளையும் உண்டு. கதிர்வீச்சிலிருந்து டி.என்.ஏ.வைத் தயோல்கள் காக்கும் விதத்தை அவரும் கதிரியல் அறிஞர் ஜான் வார்டும் உடன் பணியாற்றியோரும் 1980களில் அளந்தனர். நேர்மின்னூட்டம் கொண்ட தயோல்கள், எதிர்மின்னூட்டமுடைய டி.என்.ஏ.வை நெருங்கிச் சூழ்வதால் மிகுதியாகக் காத்தன. எதிர்மின்னூட்டம் கொண்டவை விலக்கப்பட்டு எட்ட நின்றன. காக்கும் திறன் மட்டும் போதாது, காக்க வேண்டிய பொருளின் அருகில் நிற்கவும் வேண்டும் என்பது எண்களாலேயே தெளிவாயிற்று.

எஞ்சியிருந்த பெரும் புதிர் பேசில்லஸ் குலத்தினுடையது. மண்ணிலும் வைக்கோலிலும் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸில் குளூட்டாதயோனும் இல்லை, மைக்கோதயோலும் இல்லை. 2007இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹெல்மன் குழுவினர், அப்பாக்டீரியாவின் ஒரு புரதத்தோடு 398 டால்டன் நிறையுள்ள பெயர் தெரியாத தயோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஃபேஹியும் நியூட்டனும் ஹெல்மன் குழுவினரும் கூடி அதன் அமைப்பை வெளியிட்டனர். சிஸ்டீன், குளூக்கோசமைன், மாலிக் அமிலம் ஆகிய மூன்றும் சேர்ந்த அம்மூலக்கூறுக்குப் பேசிலிதயோல் என்று பெயர். புண்களில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டைஃபைலோகாக்கஸ் ஆரியஸிலும், பெருங்கதிர்வீச்சையும் தாங்கும் டைனோகாக்கஸிலும் அது இருந்தது. டைனோகாக்கஸ் 1956இல் அறியப்பட்ட வரலாறே விந்தையானது: கதிர்வீச்சால் தூய்மை செய்யப்பட்டும் கெட்டுப்போன டப்பா இறைச்சியில் அது உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தது.

பேசிலிதயோலை ஆக்க முடியாத பாக்டீரியா ஃபாஸ்ஃபோமைசின் என்னும் எதிர்நுண்ணுயிரி மருந்துக்கு எளிதில் பலியாகிறது. அம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதிக்கு ஆயுதமாக அமைவது பேசிலிதயோலின் கந்தகமே என்பது பின்னர் விளங்கிற்று. மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றிய கவலை உலகெங்கும் வளரும் இக்காலத்தில், இவ்வளவு சிறிய மூலக்கூறு அக்கவலையின் மையத்தில் நிற்பது குறிப்பிடத்தக்கது.

உலகின் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். ஆகவே, மைக்கோதயோலைப் பற்றிய ஆய்வு இந்நாட்டிலும் தொடர்வது இயல்பே. கிருமியை உடைத்து அளப்பதற்கு மாறாக, உயிரோடிருக்கும் கிருமிக்குள்ளேயே மைக்கோதயோல் எந்நிலையில் உள்ளது என்பதை ஒளியால் காட்டும் புரதம் ஒன்றை அமித் சிங் தலைமையிலான இந்திய ஆய்வாளர்கள் 2014இல் வடிவமைத்து வெளியிட்டனர். பெருவிழுங்கு செல்களுக்குள் புகுந்த கிருமிகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை என்பதை அது காட்டிற்று. சிலவற்றில் மைக்கோதயோல் ஹைட்ரஜனை இழந்து சோர்ந்திருந்தது. சிலவற்றில் முழுவலிமையோடு இருந்தது. காசநோய்க்குப் பல மாதங்கள் விடாமல் மருந்துண்ண வேண்டியிருப்பதற்குக் காரணம், முதல் சில வாரங்களில் பெரும்பாலான கிருமிகள் மடிந்தாலும் ஒரு சில தாக்குப்பிடித்துக்கொண்டு பதுங்கியிருப்பதுதான்.

பெங்களூருவின் இந்திய அறிவியல் நிறுவனத்தில் அக்குழு 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, கவசம் வலுவாக உள்ள கிருமிகளே மருந்துகளை நன்றாகத் தாங்குகின்றன. பெருவிழுங்கு செல்லின் உள்ளே நிலவும் மிதமான அமிலத்தன்மை அவ்வலிமைக்குத் துணைபுரிகிறது. அந்த அமிலத்தன்மையைக் குறைக்கும் குளோரோகுயின் என்னும் பழைய மலேரியா மருந்தைக் காசநோய் மருந்துகளோடு சேர்த்துச் சுண்டெலிகளுக்கும் கினி எலிகளுக்கும் கொடுத்தபோது, தாக்குப்பிடிக்கும் கிருமிகளின் எண்ணிக்கை குறைந்தது.